அட்டைத் தெரு

எங்கள் நெசவாளர் தெருவை எப்படிச் சீர்படுத்தலாம் என்று ஆராய ஒரு கூட்டம் வந்தது. கட்டடம் படித்தவர், வைத்தியம் படித்தவர், படம் வரைகிறவர் எல்லாம் அதில் உண்டு. கண்ணாடி போட்ட ஒல்லியான ஒருவரை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் காய்ச்சல் பார்க்கிற மாதிரி முதலில் சுவரில் உள்ளங்கையை வைப்பார்.

"தெருவுக்கு இன்னா வேணும், ஆயா?"

"காலையில நடுத்தெருவுல தறியில ஏத்துற பாவு நூலை நீட்டிக் கட்டி கஞ்சி போடுறோம்பா. தெருக்கோடி வரைக்கும் குறுக்க எதுவும் இருக்கக்கூடாது" என்றேன். என்னைக் கேட்டுத்தான் செய்யப்போகிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை.

மறுமாதம் அட்டையில் எங்கள் தெருவைச் செய்து கொண்டுவந்தார். மரம், விளக்கு, நிஜப் பட்டு நூலில் நீளமாக ஒரு பாவுகூட இருந்தது. தெருக்கோடியில் துருத்திக்கொண்டு நிற்கும் என் வீட்டைத்தான் காணோம்.

"என் வூடு எங்கப்பா?"

"நீங்க கேட்டதுதான், ஆயா. குறுக்க எதுவும் இல்ல."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. போகும்போது என் சுவரில் வைத்த கையை வெகுநேரம் எடுக்கவே இல்லை. குறுக்கே நிற்பது என் வீடு என்று தெரிந்துதான் அன்றைக்குக் கேட்டாரா, இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

நேற்று வேறு ஆட்கள் வந்து என் வாசலில் அளவுக்கல் நட்டார்கள். சுவரை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.