முனி அடித்த திடல்

2023 மார்ச் 14, செவ்வாய். வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்து சாமி விளக்கேற்றினேன். சோறு வடித்தேன், துணி காயப்போட்டேன், வேலைக்குப் போனேன். அரை நாள் விடுப்பு எடுத்திருந்ததால் மதியமே வீடு திரும்பினேன். பிறகு மகளைத் தம்போயில் உள்ள கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். அவளுக்குப் பதினாறு வயது, நானூறு மீட்டர் ஓடுகிறாள். சனிக்கிழமை மாநில அணிக்கான தேர்வு. அதற்கு முன் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார்.

நெஞ்சில் வயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"குடும்பத்துல யாராச்சும் சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப ஓடலாம்மா" என்று மகளின் தோளைத் தட்டினார்.

மாலையில் குளுவாங்கிலிருந்து அக்கா அழைத்தாள். "வெள்ளிக்கிழமை முனிக்குப் படையல். மறக்காம சுருட்டு வாங்கிட்டு வா. போன தடவ நீ வாங்கினத அவரு தொட்டே இருக்கமாட்டாரு, அவ்ளோ மட்டம்!"

சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். அதன் பிறகுதான் உறைத்தது. அந்தப் படையலே எங்கள் அண்ணன் இறந்த பிறகு வந்தது. பத்தொன்பது வயதில், எஸ்டேட் திடலில் பந்து விளையாடும்போது விழுந்தவர் எழவேயில்லை. முனி அடித்துவிட்டது என்றுதான் இத்தனை வருடமும் சொல்லிவருகிறோம். டாக்டர் கேட்டபோது அண்ணன் என் நினைவுக்கே வரவில்லை.

கிளினிக்குக்குப் போன் செய்தேன். மூடிவிட்டார்கள். மடித்த துணிகளைப் பிரித்து மறுபடி மடித்தேன். ஃப்ரிஜ்ஜைத் துடைத்தேன்.

"மா, அத இப்பதான துடைச்ச. என்னா லா?" என்றாள் மகள்.

சொன்னேன். அவள் முகம் மாறியது.

"ஓடலாம்னு சொல்லிட்டாங்கல்ல? சனிக்கிழமைக்கு அப்புறம் போய்ச் சொல்லேன்."

"பெரிய மாமாவும் அன்னிக்கு நல்லாத்தான் இருந்தாரு."

"அப்ப அவர அடிச்சது முனி இல்லியா?"

"தெரியல. அதனாலதான் கேக்கணும்."

"ஓடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்கன்னா உன்கூடப் பேசவேமாட்டேன்."

"சரி, பேசாத."

அறைக்கதவு படாரென்று சாத்திக்கொண்டது. ஏற்கெனவே இஸ்திரி போட்டிருந்த அவளுடைய சீருடைக்கு மறுபடி இஸ்திரி போட்டேன்.

மறுநாள் காலை விளக்கேற்றவில்லை, உலை வைக்கவில்லை. முதலில் கிளினிக்குக்குப் போனேன். இரும்புக் கதவு இன்னும் திறக்கவில்லை. மகள் சீருடையில் என் பின்னால் நின்றாள். கதவு மேலே ஏறியதும் உள்ளே நுழைந்து, "டாக்டர், நேத்து தப்பா சொல்லிட்டேன். எனக்கு ஒரு அண்ணன் இருந்தாரு" என்றேன்.