புதன்கிழமை வர வேண்டாம்

என் கணவர் இறந்துவிட்டதாக ஒரு மனு எழுதி, அவர் நல்ல உடல்நலத்தோடு மலை எல்லையில் காவலுக்கு நின்றுகொண்டிருந்தபோதே, அதை பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். தாலுக்கா அலுவலகத்தில் வாரிசுச் சான்று மேசையில் ஆறு வருடம் உட்கார்ந்தவர்கள் யாரும் இதற்காக என்னைத் தப்பாக நினைக்க மாட்டார்கள். மற்றவர்கள் நினைத்துக்கொள்ளலாம்.

அந்த மேசைக்கு வரும் பெண்களை எனக்குத் தெரியும். கணவன் போய்ப் பதினாறு நாள் முடிந்திருக்காது. ரேஷன் கார்டில் ஒரு இனிஷியல் இருக்கும், இறப்புச் சான்றில் வேறொன்று இருக்கும். பிள்ளையின் பிறப்புச் சான்றில் பெயரே இருக்காது. கிராம நிர்வாக அலுவலரிடம் போ, வருவாய் ஆய்வாளரிடம் போ, திரும்ப இங்கே வா என்று நாங்கள் மரியாதையாகச் சொல்லுவோம். நானும் சொல்லியிருக்கிறேன். அந்த வரிசையில் நான் நிற்க நேர்ந்தால், என்னைத் திருப்பி அனுப்ப எந்தக் குமாஸ்தாவுக்கும் ஒரு காரணம்கூடக் கிடைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஆகவே ஒரு கோப்பு. திருமணப் பதிவு நகல், ரேஷன் கார்டு நகல், இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்று, நாங்கள் நால்வரும் எடுத்துக்கொண்ட படம் மூன்று பிரதி. மேலே மனு. "என் கணவர் இராணுவத்தில் பணிபுரிந்து வந்த நிலையில், ______ அன்று ______ என்ற இடத்தில் இறந்துவிட்டார்." முதல் கோட்டின் அடியில் சின்ன எழுத்தில் நாள் என்றும், இரண்டாவதன் அடியில் இடம் என்றும் எழுதியிருந்தேன். ஒவ்வொரு முறையும் விடுமுறை முடிந்து அவர் கண்ணமங்கலம் வழியாகக் காட்பாடிக்கு பஸ் ஏறியதும், வீட்டுக்கு வந்து அந்தக் கோப்பை எடுத்துப் பிள்ளைகளின் வயதைத் திருத்துவேன். மற்ற பெண்கள் அந்த நேரத்தில் அழுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

அப்போது மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. மகனுக்கு மூன்று. நான் ஆறு மணிக்கு வீடு திரும்பும்வரை இரண்டு பேரும் பக்கத்து வீட்டில் இருப்பார்கள். அந்த வீட்டு அம்மாவும் அவர் கணவரும் பட்டு நெய்பவர்கள். பிள்ளைகள் அவரைப் பெரியம்மா என்று கூப்பிட்டார்கள். தறிக்கு ஓரமாகப் பாய் போட்டு மகள் வீட்டுப்பாடம் எழுதுவாள். மகன் தறிக்கட்டை விழும் சத்தத்திலேயே தூங்கிப்போவான். பெரியம்மாவுக்கு என்னைக் கிண்டல் செய்வதில் ஒரு சந்தோஷம். "மேடம் புருஷனை மிலிட்டரிக்கு தத்து குடுத்துட்டு, வருசத்துக்கு ஒரு வாட்டி போய் பாத்துகினு வராங்க" என்று தெருவில் சொல்லுவார். உண்மையில் வந்து பார்த்துவிட்டுப் போனது என் கணவர்தான். ஆனால் அந்தத் திருத்தத்தைச் செய்ய எனக்குத் தோன்றியதில்லை.

அந்த வருடம் பொங்கல் முடிந்து ஒரு புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். பதினான்கு மாதத்துக்குப் பிறகு வருகிறார். மகள் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு, வட்டத்தைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டு, தாள் கிழிகிற அளவுக்குப் போட்டிருந்தாள். எங்கள் வீட்டில் அப்போது தேதி என்றால் அது ஒன்றுதான்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு மாலை, நான் சாதம் வடித்துக்கொண்டிருக்கும்போது மகள் நோட்டுகளை நீட்டினாள். தினமும் நடப்பதுதான். அவள் ஒவ்வொரு பக்கமாகத் திருப்புவாள், நான் ஒரு கையில் சிவப்புப் பேனாவோடு சரி போடுவேன். கணக்கு, சரி. ஆங்கிலம், சரி. கோடிட்ட இடத்தை நிரப்புக, சரி. பிறகு ஒரு தனித் தாள். அதற்கும் சரி போட்டேன்.

போட்டபிறகுதான் படித்தேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டதற்காக எத்தனையோ பேரிடம் விளக்கம் கேட்டு எழுதியவள் நான். என் கையெழுத்தில் என் மனு. கோடுகளில் மகளின் பென்சில் எழுத்து. நாள் என்ற இடத்தில் அந்தப் புதன்கிழமையின் தேதி. இடம் என்ற இடத்தில் எங்கள் ஊர், ஆரணி. ஓரத்தில் என் சிவப்பு டிக்.

படம் வரைய வெள்ளைத் தாள் தேடியபோது கிடைத்ததாம். கோடு இருந்தது, அதனால் எழுதினாளாம். மற்ற வரிகளை அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கவில்லை. அப்பா வரும் நாள், அப்பா வரும் இடம். அவளுக்குத் தெரிந்த விடைகள் அவை மட்டும்தான். "கரெக்டாம்மா?" என்று கேட்டாள். நான் ஏற்கெனவே டிக் போட்டுவிட்டேனே, வேறு என்ன சொல்வது. கரெக்ட் என்றேன்.

எனக்கு சகுனம், ஜாதகம், கனவுப் பலன் எதிலும் நம்பிக்கை இல்லை. படவேட்டு அம்மனுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்ன பெரியம்மாவிடம், அதற்குப் படிவம் இருந்தால் பூர்த்தி செய்கிறேன் என்று சொன்னவள். ஆனால் காகிதத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு. காகிதத்தில் இல்லாத மனிதர் உயிரோடு நிற்பதையும், காகிதத்தில் இருப்பதால் செத்தவர் ரேஷன் வாங்குவதையும் பார்த்திருக்கிறேன். ஒரு மனு பூர்த்தி செய்யப்பட்டு, சரிபார்க்கப்பட்டு, என் வீட்டில் இருந்தது. அழித்துப் பார்த்தேன். பென்சில் போனது, அழுத்தி எழுதிய பள்ளம் போகவில்லை. டிக் போகவே இல்லை. கிழித்துப் போட்டிருக்கலாம். அது நிலுவையில் உள்ள மனுவை மறைப்பது போல இருந்தது. சிரிப்பாக இருக்கிறதா? எனக்கும் பகலில் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது சிரிப்பாகத்தான் இருந்தது. தெருவில் நுழையும்போது அந்தச் சிரிப்பு நின்றுவிடும். எங்கள் தெருவில் யாராவது இறந்தால் எடுக்கும்வரை தறி ஓட்ட மாட்டார்கள். மாலையில் திருப்பத்தில் நின்று, தறிச் சத்தம் கேட்கிறதா என்று கவனித்துவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தேன்.

நாள், இடம் என்று இரண்டு நிபந்தனைகள். ஒன்றை உடைத்தால் உத்தரவு செல்லாது. இந்த யோசனை வந்ததும் மூச்சு சீரானது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் போன் வரும். மலைமேல் ஒரே போன், ஆளுக்கு மூன்று நிமிடம், பின்னால் நிற்பவர்கள் இருமுவதுகூடக் கேட்கும். பிள்ளைகள் பேசி முடித்தபின் நான் வாங்கினேன்.

"புதன்கிழமை வராதீங்க. வியாழக்கிழமை வாங்க."

டிக்கெட் எடுத்தாயிற்று என்றார். மாற்றுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். எந்தக் கோரிக்கைக்கும் காரணம் எழுத வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த எனக்கு, ஒரு காரணமும் வாயில் வரவில்லை. உங்கள் சாவுக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன், உங்கள் மகள் அதில் தேதி போட்டுவிட்டாள் என்று பனியில் நிற்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றேன்.

"புதன்கிழமை வீட்டுக்கு யாராச்சும் வராங்களா?"

"யாரும் வரல."

"அப்புறம் இன்னா?"

பதில் சொல்லுவதற்குள் மூன்று நிமிடம் முடிந்துவிட்டது.

அவர் மாற்றிக்கொண்டார். புதன்கிழமை வந்தது. மகளிடம் அப்பா நாளைக்குத்தான் வருவார் என்று மூன்று முறை சொல்லியிருந்தேன். அவள் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நான் கரெக்ட் என்று சொன்னதை அவள் நம்பினாள், வர மாட்டார் என்று சொன்னதை நம்பவில்லை. நானும் அலுவலகம் போகவில்லை. தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு ஆட்டோ சத்தத்துக்கும் அவள் சந்தோஷமாக எழுந்து நின்றாள், நான் தறிச் சத்தம் நிற்கிறதா என்று கேட்டபடி எழுந்து நின்றேன். இருட்டும்வரை ஒன்றும் நடக்கவில்லை.

வியாழக்கிழமையும் அவர் வரவில்லை. வெள்ளிக்கிழமை போன் செய்தார். டிக்கெட்டை மாற்ற அடிவாரத்து முகாமில் தங்கினாராம். அதற்குள் எல்லோருடைய விடுமுறையையும் நிறுத்தி ஆணை வந்துவிட்டதாம். புதன்கிழமை ஊர் சேர்வதற்காகக் கிளம்பியவர்கள் எல்லோரும் வீடு போய்விட்டார்கள். இவர் திரும்ப மேலே ஏறினார்.

அன்று மகள் என்னிடம் கேட்டாள், "நான் தப்பா எழுதிட்டனாம்மா?"

இல்லை என்றேன். அவள் காலண்டரைப் பார்த்தபடியே நின்றாள்.

ஏழு மாதம் கழித்துத்தான் வந்தார். மகனுக்கு அவரைத் தெரியவில்லை. நன்றாகத்தான் விளையாடினான், மடியில் ஏறினான், அவர் கொண்டுவந்த பாதாமைத் தின்றான். பொழுது சாய்ந்ததும் வாசலுக்குப் போய் அவருடைய செருப்பை இரண்டு கையாலும் தூக்கிவந்து அவர் காலடியில் வைத்தான். விருந்தாளிகள் கிளம்பும் நேரம் அவனுக்குத் தெரியும். அவர் சிரித்தார். பெரியம்மாவும் சிரித்தார். பிறகு என் கணவர் கூடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். மூலையில் கிடந்த நாற்காலியை யாருடையது என்று கேட்டார். நம்முடையதுதான், போன வருடம் வாங்கியது என்றேன். சரி என்றார்.

அன்றிலிருந்து அவர் ஏனோ அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அடுத்த வருடம் ஓய்வு பெற்று வந்தார். ஒரு வங்கியில் காவலாளியாகப் பத்து வருடம் இருந்தார், அதையும் விட்டார். எப்போதும் பாயில், கட்டிலில், வாசற்படியில். முதுகுக்கு நல்லது என்பார். நான் நம்பினேன், அல்லது நம்புவதாகக் கோப்பில் குறித்துக்கொண்டேன்.

நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. போன நவம்பரில் அவருடைய உயிர்வாழ் சான்றைக் கைப்பேசியிலேயே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஓய்வூதியக்காரர் உயிரோடு இருக்கிறார் என்று வருடத்துக்கு ஒரு முறை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு தானாக அப்படி முடிவுக்கு வராது. கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். மறுவேலையில் இருக்கிறீர்களா, இல்லை. மறுமணம் செய்துகொண்டீர்களா.

"என்னைக் கேட்டு இன்னா பிரயோஜனம். உன்னைக் கேக்கச் சொல்லு" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. கைப்பேசியைக் கீழே வைத்தேன். என்ன அர்த்தம் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். திரும்பக் கேட்டேன். மூன்றாவது முறை கேட்டபோது, "அந்தப் புதன்கிழமை" என்றார். அதற்குமேல் அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை.

எழுந்து போய் பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து கோப்பை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு தன் மரணத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிதானமாகப் படித்தார். பள்ளமாகக் கிடந்த தேதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். டிக் யார் போட்டது என்று கேட்டார். நான் என்றேன்.

"ஒரு பொய் சொல்லியிருக்கலாமே. ஆபீஸ்ல வேலைன்னா நான் நம்பியிருக்க மாட்டனா?"

எத்தனையோ போலிச் சான்றுகளைப் பிடித்திருக்கிறேன். ஒன்றைத் தயாரிக்கும் திறமை எனக்கு அந்த மூன்று நிமிடத்தில் வரவில்லை என்றேன். அவர் மறுபடியும் தாளைப் பார்த்தார். இன்னும் சந்தேகம் என்றால் சாட்சி இருக்கிறாள், இப்போதே கேட்கலாம் என்று மகளுக்குப் போன் போடக் கைப்பேசியை எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம். பாப்பாக்குத் தெரிய வேணாம். இன்னா எழுதினோம்னு தெரிஞ்சா தாங்க மாட்டா."

அப்போதுதான் அவர் நம்பிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வருடம் நிலுவையில் இருந்த விஷயம். நான் ஏன் சந்தோஷப்படவில்லை என்று தெரியவில்லை.

தாளைக் கோப்பில் வைத்துவிட்டு அவராகவே சொன்னார். அந்தப் புதன்கிழமை முகாமில் அவருக்கு வேலை எதுவும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து மணி மணியாக நினைத்தாராம். இப்போது ஒன்பது, என் வீட்டுக்கு வருகிற ஒருவன் பஸ்ஸை விட்டு இறங்குகிறான். இப்போது பத்து, உள்ளே வருகிறான். வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறான். உட்காருகிறான். என்னைப் பற்றி அதிகம் நினைக்கவில்லையாம். மகன் ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டு அப்பா என்று கூப்பிடுகிறான், அது மட்டும்தான் திரும்பத் திரும்ப வந்ததாம். பிறகு ஊருக்கு வந்து பார்த்தால், அந்த மூலையில் உண்மையிலேயே ஒரு நாற்காலி.

அவன் இப்போது போய்விட்டானா என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மூலைப் பக்கம் பார்த்தார்.

"இத்தன வருசமா உக்காந்துகினு இருக்கான். ஒரு பேப்பரைக் காட்டினதும் எழுந்து போயிடுவானா" என்றார்.