டவருக்குக் கொடுத்த காணி

ஆனந்தராசாவின் தொழில் காணி பார்ப்பது. போன் டவர் கட்டும் ஒப்பந்தக்காரர் ஒருவருக்காக மோட்டார் சைக்கிளில் ஊரூராகப் போய், இது யாருடைய காணி, காணி உறுதிப்பத்திரம் யார் பேரில், லொறி போகப் பாதை இருக்கிறதா என்று விசாரித்து வருவார். சண்டை நின்றிருந்த காலம். கம்பெனிகள் திருகோணமலைப் பக்கம் வரத் தொடங்கியிருந்தன.

சம்பளத்துக்காக மட்டும் அவர் இதைச் செய்யவில்லை. சுனாமி அடித்தபோது, திருகோணமலைக் கடலோரத்தில் இருந்த தம்பி குடும்பத்தோடு அள்ளுண்டு போய்விட்டான் என்று நினைத்துக் கிளிவெட்டியில் அவருடைய அக்கா நல்லம்மா செத்தவீட்டுச் சடங்கே செய்துவிட்டாள். உயிரோடு இருக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியனுப்ப அன்றைக்கு வழி இருக்கவில்லை.

மறு வருசம், அவருடைய ஊர்ப் பக்கமே, சல்லிக் கிராமத்துக்கும் நிலாவெளிக்கும் நடுவில், டவர் ஒன்றுக்கு இடம் தேடும் வேலை வந்தது. கம்பெனியின் எஞ்சினியர் கிண்ணியாவைச் சேர்ந்த பாயிஸ். மேடான இடங்களில் இராணுவ முகாம்கள் இருந்தன. பள்ளமான இடங்களில் மழைக்குத் தண்ணீர் நின்றது. கடைசியில் பாக்கியரத்தினம் என்ற பெண்ணின் வீட்டு வளவில் ஏறி நின்று பாயிஸ் கருவியைப் பார்த்தார்.

“அண்ணன், இதுதான் இடம். ரெண்டு பக்கமும் சிக்னல் நல்லா எடுக்கும்.”

பாக்கியரத்தினத்தின் புருசனைப் பல வருசங்களுக்கு முன் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள், அவன் திரும்பவில்லை. காணி கனடாவில் இருந்த அவளுடைய தமையனின் பேரில் இருந்தது. தமையனுக்குச் சம்மதம். அவள் மட்டும் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

“டவர் வந்தால் காவலுக்கு ஆமி வரும். ஆமி இருந்தால் அதுக்கு அடிக்க ஆக்கள் வருவினம். அண்ணர் கனடாவில இருந்து கையெழுத்து வைப்பார். இஞ்ச ரெண்டு குமர்ப்பிள்ளையளோட இருக்கிறது நான்.”

ஆனந்தராசா பாயிஸை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். வரும் வழியில் ஒரு தேநீர்க்கடையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

“அந்தக் காணி சரிவராது எண்டு எழுதுங்கோ, தம்பி.”

“வேற இடம் இல்லையே, அண்ணன்.”

“என்ர வீட்டுக்குப் பின்வளவு இருக்குது. கொஞ்சம் பள்ளம், அவ்வளவுதான். உயரத்தைக் கொஞ்சம் கூட்டினால் எடுக்காதோ?”

பாயிஸ் அவரையே பார்த்தார். “எடுக்கும். ஆனா அந்தப் பொம்பிளை சொன்ன கதை உங்களுக்கும்தானே?”

“எனக்குப் பெட்டைப் பிள்ளையள் இல்லை,” என்றார் ஆனந்தராசா.

மனைவி கமலாதேவி இதைக் கேட்டு இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. பிறகு, பின்வளவில் நின்ற முருங்கையைத் தானே வெட்டி இடம் விட்டாள்.

டவர் எழும்பியது. சிக்னல் வந்த அன்று நல்லம்மாவோடு வெகுநேரம் கதைத்தார்கள். சண்டை மறுபடி தொடங்கும் போலிருந்தபோது, பாக்கியரத்தினம் சொன்னபடியே வேலியோரம் மண்மூட்டை அடுக்கிக் காவலரண் போட்டார்கள். கமலாதேவி கிணற்றடியில் குளிப்பதை விட்டாள். ஒரு காலை றோட்டில் குண்டு வெடித்தது. காவலுக்கு மாறி வந்த இரண்டு ஆமிக்காரர் செத்தார்கள். அவர்களில் ஒருவன் முதல்நாள்தான் கமலாதேவியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்திருந்தான்.

மத்தியானத்துக்குள் ஆனந்தராசாவைக் கொண்டுபோய்விட்டார்கள். காணிக்காரனுக்குத் தெரியாமல் குண்டு வைத்திருக்க ஏலாது என்பது அவர்களின் கணக்கு. அன்றே போன்களையும் நிறுத்தினார்கள். தலைக்கு மேலே டவர் நிற்க, கமலாதேவி புருசனைத் தேடி முகாம் முகாமாக நடந்தாள்.

அவர் திரும்பி வந்தபோது அடுத்த வருசம் பிறந்திருந்தது. இடது தோளை உயர்த்த முடியவில்லை. வீடு ஆமியின் முள்ளுக்கம்பிக்கு உள்ளே போயிருந்தது. கமலாதேவி திருகோணமலை ரவுனில் ஓர் அறை எடுத்திருந்தாள். அங்கே ஒருநாள் பாக்கியரத்தினம் சோற்றுப் பார்சலோடு வந்தாள்.

“பாயிஸ் தம்பி எல்லாம் சொன்னவர்,” என்றாள். “அண்ணை, நான் என்னத்தைச் சொல்ல?”

“பிள்ளையள் சுகமோ?”

“ஓம். மூத்தவள் தையலுக்குப் போறாள்.”

“அது காணும்,” என்றார் அவர். கமலாதேவி எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவளுக்கு அது போதாது என்பது அவருக்குத் தெரியும்.

சில மாதம் கழித்துப் பாயிஸ் வந்தார். உள்நாட்டுப் பக்கம் இன்னொரு டவர் போடப்போகிறார்கள், காணி பார்க்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றார்.

“நான் வரேல்லை, தம்பி.”

பாயிஸ் வற்புறுத்தவில்லை. கமலாதேவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். மூவரும் மழையைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தார்கள். பிறகு பாயிஸ் விடைபெற்றுக்கொண்டு போனார்.