பேனருக்காக வாங்கிய புல்லட்

என் அண்ணன் ஈஸ்வரபாண்டிக்கு முப்பத்தெட்டு வயது. எட்டாம் வகுப்பில் யாருடைய மொபெட்டையோ எடுத்து ஓட்டி வாய்க்காலில் விழுந்தான். அன்றோடு வண்டி ஓட்டும் ஆசையை விட்டான். வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் புத்தி சொல்லும் ஆசையை மட்டும் இன்றுவரை விடவில்லை. உத்தமபாளையத்தில் ஓர் உரக்கடையில் பில் போடுகிறான். தினமும் காலையில் கோம்பையிலிருந்து எவன் வண்டியிலாவது தொற்றிக்கொண்டு போவான். ஏற்றிக்கொண்ட பாவத்துக்கு அந்த ஆள் வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வரவேண்டும். "என்னப்பா கிளட்ச்ச இப்படிப் பிடிக்கிற? வளைவுல ஆரன் அடிக்க மாட்டியா?" பெட்ரோலுக்கு ஒருநாளும் அவன் கை சட்டைப்பைக்குள் போனதில்லை.

இப்படிப்பட்டவன் போன தை மாதம் புல்லட் வாங்கினான். காரணம் என் மகள் ஓவியாவின் காதுகுத்து.

எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். அப்பா இல்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். பண்ணைப்புரத்துக்கு நான் வாக்கப்பட்டு வந்த ஏழு வருடத்தில், "ஒங்கண்ணன் வாயி மட்டுந்தேன் வருது, ஆளக் காணோமே" என்று என் மாமியார் பொன்னாத்தாள் சொல்லாத பொங்கல் இல்லை. சீர் பெரிதாக வர வேண்டும் என்று நான் ஏங்கவில்லை. அண்ணன் நேரத்துக்கு வந்து, என் பிள்ளையை மடியில் வாங்கி உட்கார்ந்தால் போதும். அந்த வீட்டில் நான் நிமிர்ந்து நடக்க அது ஒன்றே போதுமாயிருந்தது.

அவன் முதலில் செய்த காரியம் பேனர் அடித்ததுதான். 'தாய்மாமன் சீர்' என்று கொட்டை எழுத்து. கீழே கறுப்புக் கண்ணாடியோடு அண்ணன் ஒரு புல்லட்டில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். தலை மட்டும்தான் அவனுடையது. உடம்பும் வண்டியும் பேனர் கடைக்காரர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியவை. ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த கை வெள்ளைவெளேரென்று, தேள் பச்சை குத்தி இருந்தது. அந்தப் பேனரைக் கோம்பையில் ஒன்று, பண்ணைப்புரம் பஸ் ஸ்டாப்பில் ஒன்று என்று கட்டினான். பார்த்தவர்கள் எல்லாம், "என்ன பாண்டி, புல்லட் எப்ப எடுத்த?" என்று கேட்டார்கள். போட்டோவில் ஒட்டியது என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. இவன், "அடுத்த வாரம் வருது" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகு வண்டி தேட ஆரம்பித்தான். ஊர் உலகத்தில் வண்டிக்காகப் போட்டோ எடுப்பார்கள், என் அண்ணன் போட்டோவுக்காக வண்டி வாங்கினான்.

ஓடைப்பட்டியில் இம்மானுவேல் என்று ஒரு திராட்சைத் தோட்டக்காரர். அவரிடம் பழைய மாடல் புல்லட் இருப்பதாகக் கேள்விப்பட்டு என் வீட்டுக்காரர் சுரேஷ்கண்ணனைக் கூப்பிட்டான். நானும் கூடப் போனேன். பழைய வண்டி வாங்கப் போகிற எவனும் டயரைப் பார்ப்பான், ஆர்.சி. புக்கைப் பார்ப்பான், என்ன மைலேஜ் தரும் என்று கேட்பான். இவன் செல்போனில் பேனர் படத்தை எடுத்து வண்டிக்குப் பக்கத்தில் பிடித்து, கலர் ஒத்துப்போகிறதா என்று பார்த்தான். "கறுப்புதான். சரியா இருக்கு" என்றான். அதோடு சோதனை முடிந்தது.

இம்மானுவேல் நல்ல மனிதர். ஏமாற்றி விற்றிருந்தால்கூட என் அண்ணனுக்கு ஒரு சாக்கு கிடைத்திருக்கும். அவரோ, "தம்பி, இதுக்கு முன்ன என்ன வண்டி ஓட்டிருக்கீக?" என்று கேட்டார்.

"டிரைவிங் ஸ்கூல் வண்டி" என்றான் அண்ணன். லைசென்ஸ் எடுப்பதற்காகப் பத்து நாள் மைதானத்தைச் சுற்றி வந்ததை அப்படிச் சொன்னான்.

அவர் முகம் மாறிவிட்டது. "அப்ப இது வேணாந் தம்பி. இது பழைய மாடலு. கியரு வலது கால்ல, பிரேக்கு இடது கால்ல. நீங்க பழகுனதுக்கு நேர்மாறு. அவசரத்துல கால் பழைய ஞாபகத்துக்குத்தேன் போகும். மொதல்ல ஒரு சின்ன வண்டி வாங்கி ஒரு வருசம் ஓட்டுங்க. அப்பறம் வாங்க, இதவே தாரேன்."

விற்கிறவனே விற்க மாட்டேன் என்கிறான். புத்தியுள்ளவன் அங்கேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருப்பான். அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னயப் பாத்தா ஓட்டத் தெரியாதவன் மாதிரியா இருக்கு?" என்று கேட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தான். ஸ்டாண்டிலிருந்து இறக்கத் தெரியவில்லை. முன்னும் பின்னும் ஆட்டினான். வண்டி அசையவில்லை, இவன்தான் ஆடினான். என் வீட்டுக்காரர் தோட்டத்துப் பக்கம் திரும்பி நின்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, உடம்பெல்லாம் கூசியது.

கடைசியில் வண்டி கைமாறியது. அதைக் கோம்பைக்கு ஓட்டிக்கொண்டு வந்ததும் இம்மானுவேல்தான். சொந்த வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து அண்ணன் வந்தான். "இன்னும் கொஞ்சம் முறுக்குங்கண்ணே" என்று வழியெல்லாம் அவருக்கும் புத்தி சொன்னானாம்.

காதுகுத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் அவன் வண்டியைத் துடைத்தான், மாலை போட்டான், எலுமிச்சம்பழம் வைத்தான், அதன் மேல் உட்கார்ந்து ஸ்டேட்டஸ் போட்டான். ஓட்டிப் பழகியது மூன்றே நாள், அதுவும் தெருவுக்குள். என் வீட்டுக்காரர் போன் பண்ணி, "மச்சான், வேன்லயே வந்துருங்க. வண்டிய அப்பறமா எல்லாருக்கும் காட்டிக்கலாம்" என்றார். "என்ன மாப்ள பேசுறீக? மாமன் புல்லட்டுல முன்னால வரணும், சீர்த்தட்டு பின்னால வரணும். எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்" என்றான்.

நான் போனை வாங்கி, "அண்ணே, பத்தரைக்குள்ள முகூர்த்தம். எனக்கு நீ வந்து ஒக்காந்தாப் போதும், வேற எதுவும் வேணாம்" என்றேன்.

"நீ பேசாம இருத்தா. ஒனக்குத்தேன் பெருமை" என்றான்.

அன்று காலை ஒன்பது மணிக்கே சீர்க்காரர்கள் வேனில் வந்து பண்ணைப்புரம் முக்கில் இறங்கிவிட்டார்கள். தட்டுகள், கிடாய், மேளம் எல்லாம் தயார். முன்னால் போகவேண்டிய மாமனைத்தான் காணோம். கோம்பைக்கும் பண்ணைப்புரத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருந்துவிடப் போகிறது? ஒன்பதே காலுக்குப் போன் செய்தேன். "கெளம்பிட்டேன்" என்றான். ஒன்பதே முக்காலுக்கு, "வந்துட்டே இருக்கேன்" என்றான். அதற்கப்புறம் எடுக்கவில்லை. மேளக்காரர்கள் அடித்து ஓய்ந்து டீ குடிக்கப் போனார்கள். மண்டபத்தில் பட்டுப்பாவாடையோடு உட்கார்ந்திருந்த ஓவியா, "மாமா எங்கம்மா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். காது குத்த வந்த ஆசாரி கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மாமியார் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பத்து மணிக்கு என் சித்தப்பா மகன் முத்துராஜா தன் வண்டியை எடுத்துக்கொண்டு தேடிப் போனான். பத்தே காலுக்குத் தனியாகத் திரும்பி வந்தான். வேர்த்து ஊற்றியது.

"அக்கா, வழியில ஒரு தென்னந்தோப்புக்குள்ள வண்டி சாஞ்சு கெடக்கு. எதுக்கால மாடு வந்துருக்கு. பிரேக்குன்னு நெனச்சு வலது கால மிதிச்சுருக்காக, கியரு மாறிப் போச்சு, நேரா தோப்புக்குள்ள விட்டுட்டாக. ஆளுக்கு ஒண்ணுமில்ல. முட்டியில லேசாச் சிராய்ப்பு."

"அப்பறம் ஏண்டா கூட்டிட்டு வரல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஏறுங்கண்ணே, அஞ்சு நிமிசத்துல போயிரலாம்னேன். 'ஊரெல்லாம் புல்லட்டுல வாரேன்னு சொல்லிட்டு ஒன் பின்னால ஒக்காந்து வரவா? நாலு ஆளக் கூட்டியாந்து வண்டியத் தூக்கு'ன்னாக. கெஞ்சிப் பாத்தேங்கா. வரமாட்டேன்னுட்டாக."

அந்த நிமிடம் வரை எனக்குள் பயம் இருந்தது. எங்கேயாவது அடிபட்டுக் கிடக்கிறானோ என்ற பயம். அது அடங்கியது. அழுகையும் வரவில்லை. இப்படி ஓர் ஆளுக்காகவா ஏழு வருடம் இந்த வீட்டில் பரிந்து பேசினேன் என்று என்மேலேயே ஓர் இளக்காரம் வந்தது. முப்பத்தெட்டு வருடம் கண்டவன் பின்னால் எல்லாம் உட்கார்ந்து போனவனுக்கு, என் பிள்ளைக்காக ஒருமுறை உட்கார முடியவில்லை.

என் மாமியார்தான் எழுந்து வந்தார். "முத்துராஜாவும் மாமன் முறைதானத்தா. நேரம் போகுது, அவன் மடியில ஒக்கார வையி" என்றார். குத்தல் இல்லாமல் அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல்முறை. அது எனக்கு இன்னும் வலித்தது.

முத்துராஜா கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். சட்டையெல்லாம் வேர்வை. ஓவியா அவன் மடியில் உட்கார்ந்து, முதல் காதுக்கு வீறிட்டு அழுதாள், இரண்டாவது காதுக்கு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மணி பத்து இருபத்தைந்து.

பதினொன்றரைக்கு வெளியே 'டப் டப்' என்று சத்தம் கேட்டது. தோப்புக்காரர்கள் தூக்கி நிறுத்தி, யாரோ உதைத்து ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்த வண்டியில் அண்ணன் வந்து இறங்கினான். வழியில் எங்கேயோ நின்று வண்டியைக் கழுவியிருக்கிறான். சேறு ஒரு சொட்டு இல்லை. தலையும் வாரியிருந்தான். பந்தியில் பாதிப் பேர் சாப்பிட்டு எழுந்திருந்தார்கள். யாரும் அவனை வாங்க என்று சொல்லவில்லை.

"அதுக்குள்ள முடிச்சிட்டீகளா?" என்றான். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, "சரி, பரவாயில்ல. ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்குவோம். புள்ளயக் குடு ஆத்தா, என் மடியில ஒக்காரட்டும். ஆசாரி, நீங்க சும்மா ஊசியக் கையில பிடிச்சுக்கிட்டு காதுகிட்ட நில்லுங்க" என்றான்.

ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் ஓவியா அலறிக்கொண்டு முத்துராஜாவின் தோளில் முகத்தைப் புதைத்தாள். அண்ணன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அண்ணே, புள்ளைக்கு ரெண்டு காதுதான். ரெண்டும் குத்தியாச்சு. போயிச் சாப்பிடு."

மண்டபமே என் முகத்தைப் பார்த்தது. அவன் மட்டும் கேமராக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.