ஏழாவது விரல்

வேட்டுச் சத்தம் கேட்டதும் பேகம்பூரில் எல்லோர் கையும் வாய்க்குப் போகும். கிதர் முகம்மதின் கை மட்டும் போகாது. நோன்புக் கஞ்சி முன்னால் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். பேரீச்சம்பழம் வலது கையில் இருக்கும். இடது கையில் சுண்டு விரல் மெல்ல மடங்கும். பிறகு காத்திருப்பார். பள்ளிவாசலுக்குப் பின்னால் போட்ட அந்த ஒற்றை வேட்டு மலைக்கோட்டைப் பாறையில் போய் முட்டி, கொஞ்சம் இளைத்து, திரும்பி வரும். அது வந்ததும் மோதிர விரல் மடங்கப் பார்க்கும். பாதியில் நின்று, தப்பு செய்தது போல நிமிர்ந்துகொள்ளும். அதற்கப்புறம்தான் பழம் வாய்க்குப் போகும்.

"ஒண்ணுதான்" என்பார், யாரும் கேட்காமலே. "ரெண்டாவது மலையோடது."

நோன்பு முப்பது நாளும் இப்படித்தான். ஆரம்ப வருஷங்களில் அவர் மனைவி அஜீஸுன்னிசா சண்டை பிடித்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் ஒரு வேட்டு, உங்களுக்கு மட்டும் ரெண்டா என்று கேட்டிருக்கிறாள். இப்போது கேட்பதில்லை. அவள் கையும் அந்த ரெண்டாவது சத்தம் வரும்வரை கிண்ணத்தின் மேல் நிற்கப் பழகிவிட்டது.

கிதர் முகம்மதுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. காதோரம் மட்டும் நரை, யாரோ சுண்ணாம்புக் கையால் தொட்டுவிட்டுப் போனது மாதிரி. கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டமாட்டார். தோல் கிடங்குக்குப் போகிற சந்தில் ஒன்பதடிக்கு ஏழடியில் ரேடியோ ரிப்பேர் கடை. கடைக்குள் நுழைந்தால் தோல் நாற்றமும் ஈயம் உருகும் வாசனையும் கலந்து அடிக்கும். நாகல் நகரிலிருந்து பூட்டுப் பட்டறைக்காரர்கள்கூட ரேடியோவைத் தூக்கிக்கொண்டு இங்கே வருவார்கள். கை சுத்தம், பேச்சு சுருக்கம் என்று பெயர். ஆனால் வேலை முடிந்து, பாய், சுத்தமா சரியாயிடுச்சா என்று கேட்டால் மட்டும் அவர் வாயிலிருந்து ஆமாம் வராது. "பாடுது. கொண்டு போய்ப் பாருங்க" என்பார்.

சுத்தம் என்ற சொல்லை அவர் சொல்லி எட்டு வருஷம் ஆகிறது.

அது கிணறு வெட்டுகிறவர்களின் சொல். திண்டுக்கல்லைச் சுற்றி நாலடி தோண்டினால் பாறைதான். பாறையில் முழம் முழமாகக் குழி போட்டு, வெடிமருந்துத் தோட்டா வைத்து, திரி கொளுத்தி வெடிக்க வேண்டும். திரி கொளுத்துகிற ஆள் மேலே ஓடி வந்து, கரையில் படுத்துக்கொண்டு, வெடிகளை எண்ணுவான். எத்தனை குழியோ அத்தனை வெடி கேட்டால் எழுந்து நின்று "சுத்தம்" என்று கூவுவான். அந்தக் குரல் கேட்காமல் யாரும் கிணற்றுக்குள் கால் வைக்கமாட்டார்கள். வெடிக்காமல் உள்ளே தங்கிவிட்ட தோட்டாவுக்கு ஊமை என்று பெயர். ஊமை இருக்கிற இடத்தில் கடப்பாரை விழுந்தால், அது அப்போது பேசும்.

யுத்தத்தில் பர்மா எல்லை வரைக்கும் போய், பூமிக்குள் புதைத்த கண்ணிவெடியைத் தேடுகிற பட்டாளத்தில் இருந்தவர் கிதர் முகம்மது. திரும்பி வந்ததும் லைசென்ஸ் எடுத்துக் கிணறுகளுக்கு வெடி வைக்க ஆரம்பித்தார். ஏழு மைல் சுற்றளவில் அவர் சுத்தம் சொன்னால் அப்பீல் இல்லை. ஐம்பத்தேழில் சின்னாளப்பட்டிக்குக் கிழக்கே, சிறுமலை அடிவாரத்தில் ஒரு கிணறு. மேஸ்திரி பொம்மையன். ஏழு குழி. ஏழு வெடி எண்ணினார். ஏழாவது கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் அமுங்கித்தான் கேட்டது. சுத்தம் என்றார். மத்தியானத்துக்கு மேல் அழகர் என்ற கிணற்றாள் கடப்பாரையை ஓங்கிப் போட்டான். அழகரின் மனைவி சண்முகவள்ளி அப்போது கல் கூடையுடன் பாதி ஏணியில் இருந்தாள். அதனால் அவள் பிழைத்தாள்.

உடம்பை மேலே ஏற்றியதும் பொம்மையன் அவரைத் தனியே கூப்பிட்டு, தோளில் கை போட்டுச் சொன்னானாம். "பாயி, நீ எண்ணுனதுல ஒண்ணு மலை குடுத்த சத்தம்யா. ஆறுதான் வெடிச்சிருக்கு. மனுசக் காதுதான, விடு." விடு என்று அவன் சொன்ன பிறகுதான் அது அவரைப் பிடித்துக்கொண்டது. மறுநாளே கிணற்றில் ஊற்றுத் தண்ணீர் நிறைந்து குழிகளை மூடிவிட்டது. இறங்கிப் பார்க்க வழியில்லை. போலீஸ்காரர்கள் கேட்குமுன் இவரே சொல்லிவிட்டார், என் காதுதான் தப்பு என்று. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அழகரின் உயிருக்கு விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

கடையின் பின்பக்கம் ஒரு சாக்குத் திரை. அதற்குப் பின்னால்தான் ஊமையைத் தேடுகிற ஒரு மிஷின் எட்டு வருஷமாகப் பிறந்துகொண்டிருந்தது. மாவு சலிக்கிற பெரிய சல்லடையின் மர வளையத்தில் செப்புக் கம்பியைச் சுற்றியிருப்பார். அதற்கு ஒரு மூங்கில் கைப்பிடி. லாரி பேட்டரி ஒன்று. பழைய பேட்டரி ரேடியோவிலிருந்து கழற்றிய, வண்டு மாதிரி இரைகிற வைப்ரேட்டர் ஒன்று. மதுரையில் பழைய சாமான் கடையில் வாங்கிய பட்டாளத்து ஹெட்போன். கண்ணிவெடி தேடுகிற பட்டாளத்து மிஷின் ஓயாமல் ஊளையிடுமாம். செம்மண்ணைக் கண்டாலும் ஊளை, சட்டியைக் கண்டாலும் ஊளை. இவருடையது அப்படியில்லை. எப்படி என்று யாராவது பொறுமையாகக் கேட்டால், அன்றைக்கு மட்டும் அவருக்குப் பேச்சு வரும்.

"ஒரு வீட்டுக் கதவைத் தட்டுறோம். தட்டிக்கிட்டே இருந்தா உள்ள இருக்கவன் பதில் சொன்னாலும் நமக்குக் கேக்காதுல்ல? ஒரு தட்டு. அம்புட்டுதான். அப்புறம் சும்மா நிக்கணும். கரண்டைக் குடுத்து வெடுக்குன்னு நிப்பாட்டிட்டா, மண்ணு அப்பவே மறந்துரும். செம்பும் இரும்பும் செத்த நேரம் மறக்காது. முனகும். அந்த முனகலைத்தான் கேக்கணும்."

ஆக, எதிரொலியில் ஏமாந்த மனிதர் எதிரொலியை நம்பி ஒரு மிஷின் செய்துகொண்டிருந்தார். இதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கவும் வழியில்லை.

மத்தியானம் சந்து ஓய்ந்திருக்கும்போது வளையத்தைத் தரையோடு தடவிக்கொண்டு நடப்பார். பேகம்பூர்த் தெருவில் மண்ணைவிட இரும்பு அதிகம். ஜட்கா குதிரைகளின் லாட ஆணி, சோடா மூடி, பூட்டுப் பட்டறைக் கழிவோடு வந்து விழுந்த சாவித் துண்டு. எல்லாம் முனகும். டீக்கடையிலிருந்து, நவாப் புதைத்த பொக்கிஷம் கிடைத்தால் பங்கு உண்டா பாய் என்று கேலி வரும். தலை நிமிராமல் பதில் சொல்வார்: "முப்பத்தோரு லாட ஆணி கெடச்சிருக்கு. எத்தனை பங்கு வேணும்?"

அவர் தேடியது தோட்டாவின் தலையில் செருகுகிற கேப்பு. சுண்டு விரல் அளவு செப்புக் குழல். ஊமைத் தோட்டாவில் உலோகம் என்று இருப்பது அது ஒன்றுதான். வெறும் குழலை மண்ணில் புதைத்துப் புதைத்துப் பார்த்தார். முதல் வருஷம் ரெண்டு விரல் ஆழத்தில் கேட்டது. மூன்றாம் வருஷம் நாலு விரல். வளையத்தைப் பெரிதாக்கினால் ஆழம் கூடும் என்று பெரிதாக்கினார். பெரிய வளையத்தில் லாரிச் சக்கரத்தின் முனகல் கேட்டது, கேப்பின் முனகல் கேட்கவில்லை. ஏழாம் வருஷம் ஆறு விரல். பாறையில் போடுகிற குழி ஒன்றரை முழம். விரலுக்கும் முழத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தை அவர் வருஷத்தால் அளந்துகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சண்முகவள்ளி வருவாள். பொம்மையனிடம்தான் இன்னும் கூடை சுமக்கிறாள். ரெண்டு பெண் பிள்ளைகள். சந்தைக்கு வந்த கையோடு கடை வாசலில் சும்மாட்டுத் துணியை விரித்து உட்காருவாள். அஜீஸுன்னிசா டீ கொடுத்தனுப்புவாள். மிஷின் பேசுதாண்ணே என்று சண்முகவள்ளி கேட்பாள். ஆறு விரல் என்பார் அவர். அவள் கொஞ்ச நேரம் அந்தச் சல்லடையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எழுந்து போகும்போது தவறாமல் ஒன்று சொல்வாள்.

"நீங்க சரியாத்தாண்ணே எண்ணுனீங்க."

புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு இத்தனை பெரிய மனசு என்று சந்தே அவளைப் பற்றிப் பேசும். அவர் தலையைக் குனிந்துகொள்வார். அவள் போன பிறகு சாயங்காலம்வரை ஒரு ரேடியோவையும் தொடமாட்டார். வைதிருந்தால் தாங்கியிருப்பார் போல.

அறுபத்தைந்து மாசியில், பொம்மையன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு புதுக் கிணற்றுக்கு மிஷினைக் கொண்டுபோனார். வேண்டாம் என்று அஜீஸுன்னிசா சொன்னாள். ஆனால் சண்முகவள்ளியின் மூத்தவளும் அந்த வருஷம் கூடை எடுக்கத் தொடங்கியிருந்தாள். கேட்ட அன்றைக்கே அவர் பேட்டரியை சார்ஜுக்குப் போட்டுவிட்டார். சின்னாளப்பட்டி பஸ்ஸின் கூரையில் பேட்டரி, மடியில் சல்லடை. கண்டக்டர், மாப்பிள்ளை வீட்டுக்குச் சீரா என்று கேட்டானாம்.

அன்று ஐந்து குழிக்குத் திரி கொளுத்தினார்கள். கரையில் படுத்து அவரும் எண்ணினார். ஐந்து விரல் மடங்கின; மலையின் சத்தத்துக்கு ஆறாவது விரல் பாதி மடங்கி நிமிர்ந்தது. புகை அடங்கியதும் தனியாக இறங்கினார். முதலில் தான் கொண்டுபோன கேப்பைக் கல்லுக்கடியில் ஒளித்துச் சோதித்தார். ஆறு விரலில் முனகியது. எட்டில் ஒன்றுமில்லை. பிறகு கிணற்றின் அடியை ஒரு சாண் விடாமல் தடவினார். எங்கே வைத்தாலும் முனகியது. உளி முனையிலிருந்து தெறித்த எஃகுச் சில்லுகள், கடப்பாரைத் துணுக்குகள், செருப்பு ஆணி. எட்டு வருஷமாகக் கேட்க ஏங்கிய முனகல், கிணறு முழுக்க. அதில் எது சில்லு, எது சாவு என்று சொல்ல மிஷினுக்குத் தெரியவில்லை.

மேலே பத்துப் பன்னிரண்டு தலைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. நேரமாகிறது என்று பொம்மையன் கத்தினான். "என்ன பாயி, சுத்தமா?"

அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. கழற்றாவிட்டாலும் அந்தக் கேள்வி கேட்டிருக்கும். வளையத்தை மறுபடியும் தரையில் வைத்தார். இன்னொரு தடவை அவன் கேட்டான். அதற்குள் சண்முகவள்ளி மகளைப் பின்னால் தள்ளி நிறுத்திவிட்டு, ஏணியில் கால் வைத்துவிட்டாள். இறங்கி, அவர் பக்கத்தில் வந்து கூடையை வைத்தாள். மேலே கேட்காத குரலில், "ஏறுங்கண்ணே, வெயிலு ஏறுது" என்றாள். பிறகு அவரைப் பார்க்காமல், வெடித்த குழிகளில் வெறுங்கையால் கல்லை அள்ள ஆரம்பித்தாள்.

அவர் ஏறி வந்தார். ஊருக்குத் திரும்பவில்லை. கடைசிக் கூடை மேலே வரும்வரை கரையில் நின்றார். நூற்றுப் பதினெட்டுக் கூடை. ஒவ்வொரு தரமும் அவள் கையைக் கல்லுக்குக் கொடுக்கும்போது அவர் தோள் ஒடுங்கியதாம். அந்தக் கிணற்றில் ஊமை இல்லை. அது அவர் சொன்னதாலும் இல்லை, மிஷின் சொன்னதாலும் இல்லை.

திரும்பி வந்து சாக்குத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தார். அடுத்த நாள் சல்லடையிலிருந்து கம்பியைப் பிரித்து, வேறு எண்ணிக்கையில் சுற்றத் தொடங்கினார். ஏழு விரலுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று அஜீஸுன்னிசாவிடம் சொன்னார். சொன்ன குரலில் ஆசை இல்லை. புரட்டாசியில் காய்ச்சல் கண்டது. ஒன்பதாம் நாள் போய்விட்டார். பாதி சுற்றிய கம்பி வளையத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

இறந்தவருக்காக மூன்றாம் நாள் ஓதுகிற பாத்திஹாவுக்கு சண்முகவள்ளி வந்தாள். பெண்கள் எல்லோரும் போகும்வரை அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தாள். அப்புறம்தான் அஜீஸுன்னிசாவிடம் சொன்னாள். அஜீஸுன்னிசா பல மாதம் கழித்துச் சொல்லித்தான் வெளியே தெரியும்.

ஐம்பத்தேழில் அந்தச் சம்பவத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை, பாய் ஜும்மாத் தொழுகைக்குப் பேகம்பூர் வந்துவிட்டிருந்தார். வேலை நிற்கக் கூடாது என்று பொம்மையன் தானே ரெண்டு குழிக்குத் திரி வைத்தான். ஒன்றுதான் வெடித்தது. மற்றதைச் சேறு போட்டு மூடி, பாயிக்குத் தெரிய வேண்டாம் என்று கிணற்றாட்களிடம் சொன்னான். உடைந்த கல்லில் இடம் தெரியாமல் போக, அழகரின் கடப்பாரை விழுந்தது அதில்தான். வாயைத் திறந்தால் இந்தப் பக்கத்தில் எந்தக் கிணற்றிலும் கூடை கிடைக்காது என்று சண்முகவள்ளியிடம் அவன் சொன்னது, அழகரைப் புதைத்த அன்றைக்கு.

அழகர் செத்த அன்று காலை, பாய் எண்ணிய வெடிகளின் குழிகளில் கல் அள்ளியது அவள்தான். எத்தனை குழி என்று அஜீஸுன்னிசா கேட்டாள். சண்முகவள்ளி இடது கையை நீட்டி ஐந்து விரலையும் மடக்கினாள். வலது கையில் ஒன்று. பிறகு ஏழாவது விரலை மடக்கினாள், நிமிர்த்தவில்லை.