ஒன்பதாயிரம் நாள் வைத்திருந்த தோர்கெல்

எங்கள் பேருந்துப் பணிமனையில் தோர்கெலைப் போல வசதியான ஓட்டுநர் யாரும் கிடையாது. ஸ்டாக்ஹோமில் வாடகை வீட்டுக்குக் காத்திருப்போர் வரிசையில் அவனுக்கு ஒன்பதாயிரத்து நூற்றுச் சொச்சம் நாள். பதினெட்டாவது பிறந்தநாள் காலையில், கேக்கை வெட்டும் முன்பே பெயரைப் பதிந்துவிட்டான். இப்போது வயது நாற்பத்து மூன்று. வாடகை வீடு ஒன்று காலியானால், காத்திருந்த நாள் யாருக்கு அதிகமோ அவருக்குத்தான் முதல் உரிமை. ஊருக்குப் புதிதாய் வந்த பிள்ளைகள் இருநூறு நாளை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கும்போது, இவன் காப்பிக் கோப்பையோடு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான்.

ஆனால் அவனுக்கு வீடு கிடையாது. வீடு எடுத்தால் சேர்த்த நாளெல்லாம் பூஜ்யமாகிவிடும். அந்தப் பயத்தில், பார்க்கப் போன வீட்டிலெல்லாம் ஏதாவது நொட்டை சொல்லி வேண்டாமென்றுவிடுவான். ஒரு வீட்டில் மாடிப்படி கிறீச்சிட்டதாம். இன்னொன்றில் எதிர்வீட்டுக்காரர் ட்ரம்போன் வாசித்தாராம். அவன் தலையை ஆட்டியதும், இரண்டாம் இடத்தில் நிற்கும் இளம் ஜோடி கட்டிப்பிடித்துக் குதிக்கும். ஒரு ஜோடி நன்றி சொல்லி ஒரு பை நிறைய லவங்கப்பட்டை ரொட்டி கொடுத்தது. அதை எங்களுக்குப் பங்கு வைத்தான். இருபத்தைந்து வருஷத்தில் உள்வாடகைக்கு இருந்த அறைகள் பத்தொன்பது. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

“ஏம்பா, அத்தனை நாளையும் என்ன ஊறுகாயா போடப் போறே?” என்று கேட்டேன்.

“இதைவிட நல்ல வீடு வரும், யோர்டிஸ்,” என்றான்.

அப்போதுதான் அவன் வாழ்க்கையில் செலாம் வந்தாள். எரித்திரியாவிலிருந்து வந்த செவிலி, மூன்று வருஷத்தில் ஏழு அறை மாறியவள். முதல் சந்திப்பிலேயே இந்தப் புத்திசாலி, “வரிசைல எத்தனை நாள்?” என்று கேட்டிருக்கிறான். அவள் நானூற்றுப் பத்து என்றதும், பரிதாபப்பட்டு அவள் காப்பிக்கும் தானே காசு கொடுத்தானாம். அதிலேயே காதல் பற்றிக்கொண்டது.

செப்டம்பரில் செலாமின் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வடக்கே ஒரு சிற்றூர் மருத்துவமனை வேலையும் தந்து, கூடவே வீடும் தருகிறேன் என்றது. அவள் நேரே எங்கள் சாப்பாட்டு அறைக்கே வந்தாள்.

“திங்கட்கிழமை ரயில். அதுக்குள்ள நீ ஒரு வீடு எடுத்தா நான் இங்கேயே இருக்கேன். இல்லேன்னா நீயும் உன் நாளும் சேர்ந்து குடித்தனம் பண்ணிக்குங்க.”

அன்றைக்கே தோர்கெல் நகர நடுவில், வாசாஸ்தான் பகுதியில் ஒரு இரண்டு அறை வீட்டுக்கு எழுதிப் போட்டான். வெள்ளிக்கிழமை வந்து பார்க்கச் சொல்லிப் பதில் வந்தது. அதில் அவன் இடம்: இரண்டு. வாழ்நாளில் அந்த எண்ணை அவன் பார்த்ததில்லை. யாரோ ஒருவர் அவனைவிட மூன்று நாள் அதிகம் வைத்திருந்தார்.

துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். முதலிடத்துக்காரி மைவோர், எழுபத்தொரு வயது. கைவிளக்கோடு பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வேண்டாமென்றால்தான் இவனுக்கு வீடு.

“குழாய் சத்தம் போடும்போல இருக்கே,” என்று தோர்கெல் ஆரம்பித்தான்.

“ஆமா, போடும்.”

“கீழே மீன் கடை வேற.”

“வாசலிலேயே மூக்கைத் துளைச்சுது. அந்த அலமாரிக் கதவைப் பாத்தீங்களா, மூடவே மாட்டேங்குது.”

ஜாடிக்கேற்ற மூடி கிடைத்துவிட்டது, கிழவி கிளம்பிவிடுவாள் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. அதற்குள் இந்தப் பைத்தியம் உளறிவிட்டான்.

“அம்மா, உண்மையச் சொல்லிடறேன். எத்தனை ஓட்டை இருந்தாலும் எனக்கு இந்த வீடு வேணும். இல்லேன்னா திங்கட்கிழமை அவ போயிடுவா.”

மைவோர் விளக்கை அணைத்தார். “பாவமாத்தான் இருக்கு தம்பி. எனக்கும் ஒருத்தர் இருந்தார். நான் ஒவ்வொரு வீடா வேண்டாம் வேண்டாம்னு திரும்பி வர்றதை அஞ்சு வருஷம் பொறுத்துப் பாத்தார். அப்புறம் கையில வீடு வச்சிருந்த ஒருத்தியோட போயிட்டார். படி ஏற முடியறப்பவே நான் ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்சுடறேன். இதை நானே எடுத்துக்கறேன்.”

யார்மேல் கோபப்படுவதென்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேருக்கு ஒரு வீட்டைக் காட்டி, யார் அதிகம் காத்திருந்தீர்கள் என்று கேட்கிற இந்த ஊர்மேல்தான் வந்தது.

தெருவுக்கு வந்ததும் தோர்கெல் செலாமைப் போனில் அழைத்தான். அவள் குரல் எனக்கும் கேட்டது.

“அங்கே உனக்குக் கொடுக்கற வீட்டுல ரெண்டு பேர் இருக்கலாமா?” என்று கேட்டான்.

“ஒரே அறைதான்,” என்றாள். “ரயில் சத்தம் ராத்திரி பூரா கேக்குமாம். வெந்நீர் வர நேரமாகுமாம். இன்னும் இருக்கு, சொல்லட்டுமா?”

நொட்டை சொல்லத் திறந்த வாயைத் தோர்கெல் மூடிக்கொண்டான்.

“அந்த ஊருல பஸ் ஓடுதா?” என்று மட்டும் கேட்டான்.