பின்னால் இடமுள்ள வீடு

என் அக்காவின் கணவர் ஒரு மெத்தைக் கடையில் மேற்பார்வையாளர். கடைக்கு வருகிறவர்களை மெத்தையில் படுக்கச் சொல்லி, "முதுகு என்ன சொல்லுது?" என்று டாக்டர் மாதிரி விசாரிப்பார். நல்ல தூக்கம் மனிதனின் உரிமை என்று பிரசங்கம் வேறு. அவர் வீட்டு ஹால் சோபாவில்தான் என் அம்மா இரண்டு வருடமாகத் தூங்குகிறாள். தூங்குகிறாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அத்தான் டிவியை அணைத்து, தண்ணீர் குடித்து, வாசல் கதவைப் பலமுறை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போகும்வரை அவள் அந்தச் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். உடை மாற்றக் குளியலறை. அழவேண்டும் என்றாலும் அதே இடம்தான்.

அப்பா போன பிறகு, அவரும் அம்மாவும் இருந்த வீட்டை விற்கச் சொன்னவரே அத்தான்தான். "பெரிய மனையில இருக்கற வீடா ஒண்ணு வாங்குவோம் அத்தை. முன்னாடி நாங்க. பின்னாடி உங்களுக்குன்னு தனியா ஒரு வீடு கட்டித் தர்றேன். உங்க கதவு, உங்க சாவி," என்றார். அம்மா அந்தக் கதவை நம்பித்தான் விற்றாள். பணம் வங்கியில் அவள் பெயரில் கிடந்தது, அவள் இவர் வீட்டுச் சோபாவில் கிடந்தாள். நானோ மருத்துவமனை விடுதியில் மற்ற நர்சுகளோடு ஒரே அறையில் இருப்பவள். என்னோடு கூட்டிக்கொள்ள வழியில்லை.

அன்றிலிருந்து மனிதர் நிபுணர் ஆகிவிட்டார். நாலு வீடியோ பார்த்ததும் கட்டடக் கலையையே கரைத்துக் குடித்தவர் போலப் பேச்சு. ஆரம்பத்தில் தரகர்களிடம், "சின்ன வீடு ஒண்ணு வெச்சுக்கணும், அதுக்குத் தோதா இடம் பாருங்க," என்று முழங்கிக்கொண்டிருந்தார். ஒரு தரகர் விழுந்து விழுந்து சிரித்த பிறகு அக்கா அந்த வார்த்தைக்குத் தடை போட்டாள். அதற்கப்புறம் அது 'பின்வீடு' ஆயிற்று.

ஞாயிறு வந்தால் ஊர்வலம். அவர் கையில் டேப், மறுமுனையைப் பிடிக்க நான், காரில் ஏறி இறங்க அம்மா. ஒரு வீட்டில் பின்பக்கம் தெருவைவிடத் தாழ்வு, கழிவுநீர் வெளியே ஓடாது என்றார். அவர் சொன்ன தோரணையைப் பார்த்தால் தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும் என்பதையே அவர்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். இன்னொன்றில் தோட்டத்துக்கு அடியில் நகராட்சிக் குழாய் போகிறது, அதன்மேல் கட்ட அனுமதி கிடைக்காது. மற்றொன்றில் எல்லாம் பொருந்தியும், பக்கத்து வீட்டு மாடி ஜன்னல் பின்வீட்டைப் பார்த்தபடி இருந்தது. "அத்தைக்குன்னு ஒரு தனிமை வேண்டாமா?" என்று உச்சுக் கொட்டினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் சொன்ன காரணங்கள் ஒன்றுகூடத் தப்பில்லை என்பது இன்னும் எரிச்சல்.

கடைசியில் மூலை மனையில் ஒரு வீடு அகப்பட்டது. இரண்டு பக்கம் தெரு. பின்வீட்டுக்குத் தனி வாசல் வைக்கலாம், மணல் லாரி நேராகப் பின்பக்கமே வந்து நிற்கலாம். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு கிழித்து, இது படுக்கையறை, இது சமையலறை என்று காட்டினார். அம்மா படுக்கையறைக் கோட்டுக்குள் போய் நின்று, ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

"பின்வீடு அம்மாவுக்கா?" என்றார் தரகர்.

அத்தான் அவர் தோளில் கைபோட்டுக் குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்திய குரல் தெருமுனைவரை கேட்கும். "கொஞ்ச வருஷம் வாடகைக்கு விடலாம்னு இருக்கேன். இவங்களுக்கு எதுக்குத் தனியா ஒரு வீடு? வயசான காலத்துல ஹால்லயே நம்ம கண்ணு முன்னாடி இருந்தா நல்லதுதானே."

அம்மா கோட்டைத் தாண்டி வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தரகர் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்து, "வேற சாவி ஒண்ணு வெச்சிருக்கீங்களே, அது எந்த வீடு?" என்று கேட்டாள்.

"இதே தெருதாம்மா. ரொம்பக் குட்டி வீடு. நீங்க தேடறதுக்குச் சரிப்படாது."

"வந்ததுக்கு அதையும் பார்த்துடலாம்."

ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை. பின்னால் துணி காயப்போடும் அளவுக்கு இடம். பக்கவாட்டுச் சந்துக்குள் அத்தான் ஒருக்களித்துப் புகுந்து, சட்டையில் சுண்ணாம்போடு வெளியே வந்தார்.

"பின்னாடி எதுவுமே கட்ட முடியாதா மாப்பிள்ளை?" என்றாள் அம்மா.

"ஒரு கோழிக்கூண்டு கட்ட முடியாது."

"சந்தை அகலப்படுத்தினா?"

"அந்தப் பக்கம் அடுத்தவன் சுவர் அத்தை."

"மேல மாடி எடுத்தா?"

"இந்தச் சுவரெல்லாம் தாங்காது. இந்த வீட்டுக்குள்ள இன்னொரு குடும்பம் வரவே முடியாது. யார் தலைகீழா நின்னாலும் நடக்காது."

"நிச்சயமாத் தெரியுமா?"

"என்ன அத்தை இப்படிக் கேக்கறீங்க? ரெண்டு வருஷமா இதே வேலையா அலையறேன். எனக்குத் தெரியாதா?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள் அம்மா. "அப்போ இதையே நான் வாங்கிக்கறேன்."

அத்தான் பதறினார். வெயில் வராது, விலை ஏறாது, விற்கப் போனால் ஒருத்தன் சீண்டமாட்டான், அக்காவிடம் என்ன பதில் சொல்வது என்று தாம்தூம் என்று குதித்தார். எனக்கு வந்த சிரிப்பை நான் அடக்கவில்லை. அம்மா படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். துருப்பிடித்த தாழ்ப்பாள் கொஞ்சம் முரண்டு பண்ணிவிட்டு விழுந்தது.

"அத்தை, அவசரப்படாதீங்க. வெளிய வாங்க, பேசிக்கலாம்," என்று அத்தான் கதவோடு கெஞ்சிக்கொண்டிருந்தார். தரகர் வியாபாரம் தெரிந்தவர். அத்தானைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, "யார் பேர்லம்மா பத்திரம் போடணும்?" என்று கதவைப் பார்த்துக் கேட்டார்.

"என் பேர்ல மட்டும்," என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடாதீங்க. நான் படுத்துக்கறேன்."

உள்ளே வெறும் தரைதான் இருந்தது.